இரண்டாம் பெல்ட்டில் காத்திருந்தது

அங்கம்மா வேலைக்கு வரும்போது இரண்டு டீ கொண்டு வருவாள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டி, ஸ்ட்ரா சொருகிக் கொடுக்கிற டீ. ஒன்று அவளுக்கு. மற்றதை முதல் பெல்ட்டின் தலைப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியில் மாட்டிவிட்டு, "சூடா இருக்கு, பாத்துக் குடிங்க," என்பாள். பிறகு கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு பழம் சீவுகிற மேசைக்குப் போய்விடுவாள்.

அந்த டீயை யாரும் தொட மாட்டார்கள். வங்காளதேசத்து ஆட்கள்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். சாயந்திரம் ஆறிப்போன பையைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, சாக்கடையில் ஊற்றுவது சின்னத்தம்பி. யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. பெல்ட்டைக் கழுவுகிறவர் அவர் என்பதால் அதுவும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. மூன்று வருஷமாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஊற்றி முடிக்க அவருக்கு நேரம் பிடிக்கும். ஐம்பத்து மூன்று வயது, முதுகு தேய்ந்த உடம்பு, நேரம் பிடிக்கத்தானே செய்யும் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

டீ காளியப்பனுக்கு. அங்கம்மாவின் புருஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் பெல்ட்டில் மாட்டிச் செத்துப்போனவன்.

பெக்கான் நானாஸிலிருந்து பொந்தியான் போகிற ரோட்டில், செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் இருந்தது அந்த அன்னாசி ஆலை. லாரியிலிருந்து பழம் தண்ணீர்த் தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து பெல்ட் ஏற்றிக் கொண்டுபோய்க் கத்தி மேசையில் கொட்டும். இரண்டு பெல்ட். ஒரு காலத்தில் சுவரில் இருந்த பச்சைப் பொத்தானைக் குத்தி ஓட்டினார்கள். அதன் ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. நாலு தடவை குத்தினால்தான் ஒரு தடவை பிடிக்கும். குத்து, குத்து, குத்து, குத்து என்று ஆலையில் எல்லார் விரலுக்கும் அது பழகிவிட்டது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு டேப்லெட்டை மாட்டினார்கள். தன் வேலை நம்பரைத் தட்டி, பச்சைப் படத்தை அழுத்த வேண்டும். ஆபீஸ் பக்கத்து அறையில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குச் செய்தி போய், ஒரு நிமிஷத்தில் பெல்ட் ஓடும். இருபது நிமிஷம் ஓடித் தானே நிற்கும். சின்னத்தம்பியின் நம்பர் நானூற்றுப் பதினேழு. எண்கள் அவருக்குத் தெரியும். எழுத்துதான் தெரியாது. தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் பள்ளிக்கூடமும் இல்லை.

காளியப்பன் செத்த அன்றைக்கு மத்தியானம் அழுத்தியது அவர்தான். நம்பரைத் தட்டினார், பச்சையை அழுத்தினார். பெல்ட் அசையவில்லை. திரையில் ஏதோ ஒரு வரி எழுத்து வந்தது. எழுத்து எப்போதும் எங்கேயாவது வந்துகொண்டேதான் இருக்கும். அவர் விரல் பழைய பழக்கத்தில் குத்தியது. மொத்தம் நாலு. பெல்ட் ஓடியது, பழம் ஏறியது, இருபது நிமிஷத்தில் நின்றது. உருளைக்குள் ஓர் அன்னாசிக் கொண்டை சிக்கியிருந்தது. காளியப்பன் சிவப்புக் கயிற்றை இழுத்து மின்சாரத்தை நிறுத்தியிருக்க வேண்டும். சட்டம் அப்படி. "நின்னுருச்சுல்ல, ஒரு நிமிசம்," என்று தோள்வரை கையை விட்டான்.

பெல்ட் ஓடியது.

சின்னத்தம்பி கயிற்றை இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசாரணைக்கு வந்தவர், பட்டனை நீங்கள்தானே அழுத்தினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார். எத்தனை தடவை என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மலாயில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்கள். கட்டைவிரலை வைத்தார்.

ஒரு மாசம் கழித்து ஆலை வாசலில் ஒரு போஸ்டர் வந்தது. தலைக்கவசம் போட்டுச் சிரிக்கிற காளியப்பனின் படம். கீழே மலாயிலும் தமிழிலும் ரெண்டு வரி. அங்கம்மா தினமும் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தாண்டுவாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கச் சின்னத்தம்பிக்கு வாய் வரவில்லை. அதற்காகத்தான், வேறு எதற்காகவும் அல்ல, சனிக்கிழமை தோறும் கோயில் மண்டபத்தில் தமிழும் மலாயும் சொல்லிக்கொடுக்கிற பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தார். தடித்த விரலுக்குள் பென்சில் நழுவியது. ஒன்றரை வருஷம் பிடித்தது. முதன்முதலாக முழுசாகப் படித்தது அந்த வரியைத்தான்.

'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.'

இரண்டாவதாகப் படித்தது முதல் பெல்ட்டின் டேப்லெட்டில். பச்சையை அழுத்தியதும் வருகிற அந்த ஒரு வரி எழுத்து. சிலா துங்கு, ஜாங்கான் தெக்கான் லாகி. தயவுசெய்து காத்திருங்கள், மறுபடி அழுத்தாதீர்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவில்லை. நாலு தடவை அழுத்தினால் என்ன ஆகும் என்று அந்த வரி சொல்லவில்லை. யாரிடம் கேட்பது? கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

இதற்கு நடுவில்தான் காளியப்பன் திரும்பி வந்துவிட்டதாக ஆலையில் பேச்சு. விபத்து நடந்ததுமே இரண்டாம் பெல்ட்டைப் பூட்டி, மோட்டார் பேனலுக்குக் கரண்டை வெட்டி, சாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் முதல் பெல்ட் சில நாள் தானாக ஓடியது. வேலை முடிந்து, எல்லாரும் கை கழுவிக்கொண்டிருக்கும்போது, காலி பெல்ட் மெதுவாகப் புறப்படும். பழம் இல்லாமல், தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டு இருபது நிமிஷம் ஓடும். மலாய்க்காரர்கள் ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். நம்மவர்கள் எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். அங்கம்மா மட்டும் பயப்படவில்லை. பெல்ட் ஓடுகிற நாளில் ஓரத்தில் போய் நிற்பாள். உதடு அசையும். மகள் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்ததை அப்படித்தான் புருஷனிடம் சொன்னாள். அது நிற்கும்வரை இருந்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவாள். அவள் பேசுவதைப் பார்த்துக்கொண்டு சின்னத்தம்பி துடைப்பத்தோடு தூரத்தில் நிற்பார்.

இந்த வருஷம் பழம் கொட்டிக் கிடந்தது. இரண்டாம் பெல்ட்டைத் திறக்க முதலாளி முடிவு பண்ணினார். ஆயுத பூசை அன்றைக்குச் சூடம் காட்டி, பொட்டு வைத்து, உருளைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிவிட வேண்டும் என்று ஏற்பாடு. அதே நாளில் பழைய பெட்டியையும் மாற்றிவிடலாம் என்று தெப்ராவ் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து யோகேஸ்வரி என்கிற பெண்ணை வரவழைத்திருந்தார்கள்.

"யாரு பொட்டு வெக்கிறது?" என்று கேட்டான் சூப்பர்வைசர் சுகுமாறன்.

"நான்தான் வெப்பேன்," என்றாள் அங்கம்மா.

"அக்கா, நீங்க..."

"நான் பொட்டு வெச்சா தீட்டா? அவரு கை பட்ட பெல்ட்டு. வேற எவளாச்சும் வெச்சுப் பாக்கட்டும்."

சரி என்று சுகுமாறன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பூசைக் காலையில் புதுப் பெட்டியை லாரியிலிருந்து இறக்கி அறைக்குத் தூக்கிப்போகும் வேலை சின்னத்தம்பிக்கு வந்தது. அறை ஐஸ்போல் குளிர்ந்தது. மூலையில் பழைய பெட்டி ஒரு சின்னப் பச்சை விளக்கோடு முனகிக்கொண்டிருந்தது.

"அங்கிள், இத கடைசியா எப்ப ஆஃப் பண்ணுனாங்க?" யோகேஸ்வரி கீபோர்டைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆஃபா? தொடவே கூடாதுன்னு ஆர்டரு. அணைச்சா எந்திரிக்காதாம்."

"அலமாக். அப்ப நாலஞ்சு வருசமா உள்ள இருக்குற எல்லாம் அப்படியே இருக்குமே." திரையில் வரிவரியாக எழுத்து ஓடியது. அவள் நாக்கைச் சப்புக்கொட்டினாள். "பாருங்க, எத்தன சும்மா உக்காந்திருக்கு!"

"என்னம்மா உக்காந்திருக்கு?"

"நீங்க டேப்லெட்ல அழுத்துறீங்கல்ல, அந்தப் பேஜு பெல்ட்ட ஓட்டாது. அதுக்கு ஓட்டவே தெரியாது. ஓட்டுறது வேற புரோகிராம். பேனல் செஞ்சவங்க பழைய காலத்துல எழுதிக் குடுத்தது, இந்தப் பெட்டிக்குள்ள தனியா படுத்திருக்கும். நீங்க அழுத்துனா பேஜு அத எழுப்பி விடும். அவ்வளவுதான் அதோட வேல."

"ரெண்டு தடவ அழுத்துனா?"

கேட்ட பிறகுதான் தன் குரல் அவருக்கே கேட்டது.

"ரெண்டு எந்திரிக்கும். ஒண்ணு போயி ஓட்டும், இன்னொண்ணு வாசல்ல காத்திருக்கும். மொதல்ல போனது முடிச்சதும் இது போயி ஓட்டும். டேப்லெட்ட மூடிட்டாலும் போகாது லா. அதுக்குத் திரை கிடையாது, சத்தம் கிடையாது. உள்ள இருக்குன்னே யாருக்கும் தெரியாது. ஒரு தடவைக்கு மேல எழுப்பாதன்னு பேஜுக்கே சொல்லி வெச்சிருக்கணும். செஞ்சவன் 'மறுபடி அழுத்தாதீங்க'ன்னு எழுதி மட்டும் வெச்சிட்டுப் போயிட்டான்."

"அப்ப மொத பெல்ட்டு தானா ஓடுறது?"

"தானா எங்க ஓடுது? எவராச்சும் ரெண்டு தடவ குத்தியிருப்பாங்க." அவள் சிரித்தாள். "என்ன அங்கிள், பேய்னு நெனச்சீங்களா?"

அவள் கைத்தொலைபேசி அடித்தது. அறைக்குள் சிக்னல் இல்லை. "ஒண்ணும் தொட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சின்னத்தம்பி தொடவில்லை. பார்த்தார். படிக்கத் தெரிந்துவிட்டவனுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தெரியாது. மேலே சில வரிகள், பூசைக்காகக் கரண்டை நிறுத்திவைத்த முதல் பெல்ட்டின் பெயரில். கடைசியில் இரண்டு வரிகள் மட்டும் தனியாக. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். பேனல் இரண்டு. பிறகு ஒரு தேதி. அந்தத் தேதியை அவர் கூட்டிப் படிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நேரம், மத்தியானம். அதற்குப் பக்கத்தில் நானூற்றுப் பதினேழு. கடைசியில் ஒரு சொல். மெனுங்கு. காத்திருக்கிறது.

அடுத்த வரியிலும் அதே தேதி, அதே நானூற்றுப் பதினேழு, அதே மெனுங்கு.

நாலு குத்து. ஒன்று பழத்தை ஏற்றியது. ஒன்று காளியப்பனை எடுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் எங்கே போயின என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அவை எங்கேயும் போகவில்லை. அவர் தூங்கியபோதும், டீயைச் சாக்கடையில் ஊற்றியபோதும், மண்டபத்தில் உட்கார்ந்து அ, ஆ எழுதியபோதும், அவருடைய விரல் இந்தக் குளிர்ந்த அறையில் கரண்ட் இல்லாத ஒரு பேனலின் வாசலில் குந்திக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பெட்டியை யாரும் அணைக்கவில்லை. அதனால் அதுவும் சாகவில்லை.

வெளியே யாரோ கைத்தொலைபேசியில் நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். அதற்கு மேல் சுகுமாறனின் குரல் கேட்டது. "பேனல் ரெண்டுக்குக் கரண்டு குடுத்துட்டேன்! பொட்டு வெச்சு முடிச்சா மொதலாளி அழுத்திருவாரு, சட்டுனு வைங்கக்கா!"

திரையில் ஒரு வரியின் கடைசிச் சொல் மாறியது. மெனுங்கு போய் வேறு எழுத்துகள் வந்தன. செ, டா... என்று கூட்ட ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஓடினார்.

ஒரு நிமிஷம். பெல்ட் புறப்பட எப்போதும் ஒரு நிமிஷம் ஆகும். அறையிலிருந்து இரண்டாம் பெல்ட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும், தினமும் வாளி தூக்கி நடக்கிற தூரம். தரை ஈரமாக இருந்தது. ஒரு தடவை வழுக்கி, முட்டி அடிபட விழுந்து எழுந்தார். பெண்கள் வட்டமாக நின்றார்கள். நடுவில் அங்கம்மா, இடது கையில் சந்தனக் கிண்ணம், வலது கை தோள்வரை உள்ளே. வெளி உருளைகளுக்கு வைத்தாகிவிட்டது. காளியப்பன் கை போன உள் உருளைக்குத்தான் எட்டிக்கொண்டிருந்தாள்.

சிவப்புக் கயிற்றில் சாமந்தி மாலை சுற்றியிருந்தது. அதைத் தேட நேரம் இல்லை. அவள் இடுப்பைக் கட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டுப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் தரையில் தேங்கிய தண்ணீரில் விழுந்தார்கள். கிண்ணம் பெல்ட் மேல் கவிழ்ந்தது.

பெல்ட் ஓடியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. கிண்ணம் உள்ளே போய், தகரம் கிழிகிற சத்தம் கேட்டது.

ஒரு பெண் அலறினாள். முதலாளி கையில் டேப்லெட்டோடு, "நான் தொடல, நான் தொடல லா!" என்று பின்னால் போனார். சுகுமாறன் மாலையோடு சேர்த்துக் கயிற்றை இழுத்தான். நின்றது.

"காளியப்பண்ணன் வந்துட்டாருடி," என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். சொல்லச் சொல்ல அது பரவியது. ஒருவர் சூடத் தட்டை எடுத்துப் பெல்ட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

அங்கம்மா எழுந்திருக்கவில்லை. நனைந்த சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிரித்தது. "என்னத்தான் கூப்பிட்டாரு," என்றாள். "மூணு வருசமா அந்தப் பெல்ட்டுல வந்து வந்து பாத்தவரு, இன்னிக்கு இதுக்கே வந்துட்டாரு. ஏண்ணே என்ன இழுத்தீங்க?"

"சரி சரி, அண்ணன் சாந்தியாயிட்டாரு," என்றான் சுகுமாறன். "கரண்ட மறுபடி குடுக்கறேன், எல்லாம் ஒரு தடவ கும்பிட்டு..."

"குடுக்காத!" சின்னத்தம்பி கத்தினார். "இன்னும் ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். யோகேஸ்வரி ஓடிவந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள், கையில் இன்னும் போன். இந்த இடத்தில், "எனக்கென்ன தெரியும்," என்று சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய் அந்த வரியை அழித்துவிடுவாள். பெட்டியை லாரியில் ஏற்றிவிடுவார்கள். அங்கம்மாவை இழுத்துக் காப்பாற்றிய மனுஷன் என்ற பேர்கூட வரும். போஸ்டர் வாசலில் இருக்கும். அங்கம்மா நாளைக்கும் இரண்டு டீ வாங்கி வருவாள்.

"அவரு வரலம்மா," என்றார் அங்கம்மாவிடம். "பெல்ட்ட ஓட்டுனது நான்."

"சின்னண்ணே, நீங்க இங்கதான கீழ கெடந்தீங்க?" என்றான் சுகுமாறன்.

"அன்னிக்கு அழுத்துனேன். அது இன்னிக்கு ஓடுச்சு." மூச்சு வாங்கியது. "நாலு தடவ அழுத்துனேன் அன்னிக்கு. ஓடலேன்னு குத்திக்கிட்டே இருந்தேன். ஒரு தடவ அழுத்துனா போதும், மறுபடி அழுத்தாதன்னு எழுதியிருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியல. ரெண்டாவது குத்துலதான் அவன் கை போச்சு. மிச்சம் ரெண்டும் அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சு. என் நம்பரு போட்டு. இப்பதான் என் கண்ணால படிச்சிட்டு வரேன்."

"சும்மா இருங்கண்ணே," சுகுமாறன் தணிந்த குரலில் சொன்னான், "கேஸு முடிஞ்சு போச்சு. அண்ணனும் கயித்த இழுக்கல, அதுவும் உண்மதான?"

"அவன் இழுக்கல. அத எழுதியிருக்கீங்க. நான் குத்துனத எங்க எழுதியிருக்கு?"

நாதஸ்வரம் மட்டும் யாரோ நிறுத்த மறந்து ஒலித்துக்கொண்டிருந்தது.

அங்கம்மா மெதுவாக எழுந்தாள். அவர் கண்ணையே பார்த்தாள். "அப்ப மொத பெல்ட்டு? சாங்காலத்துல ஓடுமே, அது?"

பொய் சொல்ல இதுதான் கடைசி இடம் என்று அவருக்குத் தெரிந்தது.

"அதுவும் அப்படித்தாம்மா. எவனாச்சும் ரெண்டு தடவ குத்தியிருப்பான்."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"மக வேலைக்குப் போனத சொன்னேனே, அன்னிக்கு?"

அன்றைக்கும் அப்படித்தான் என்று அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப அவரு வரவே இல்ல," என்றாள் அவள். கேள்வியாகக் கேட்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். பிழிந்த தண்ணீர் சந்தனக் கலரில் வந்தது. "நான் குடுத்த டீய எல்லாம் என்ன பண்ணுனீங்க?"

"ஊத்திட்டேன்."

அவள் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

யோகேஸ்வரி அந்தக் கடைசி வரியை அழிப்பதற்கு முன்னால், திரையில் இருந்த எல்லாவற்றையும் தாளில் எடுத்துக் கொடுத்தாள். சின்னத்தம்பி அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் லீவு சொல்லிவிட்டு பொந்தியானுக்கு பஸ் ஏறினார். அந்த விபத்தை முன்பு விசாரித்த ஆபீஸில், எழுத்தர் பேப்பரைத் தன் பக்கம் இழுத்து, "சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றார். "நானே எழுதுறேன்," என்றார் சின்னத்தம்பி. மூன்று வரி எழுத அரைமணி நேரம் ஆனது. நாலு தடவை என்பதை எண்ணிலும் எழுத்திலும் எழுதினார். கீழே கட்டைவிரல் வைக்காமல் கையெழுத்துப் போட்டார். என்ன ஆகும் என்று கேட்டதற்கு, கூப்பிடுவோம் என்றார்கள்.

போஸ்டரை அவர்தான் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. காளியப்பனின் படத்தை மட்டும் வெட்டி அங்கம்மாவின் மேசையில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள். அவரிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு வேலைக்கு வரும்போது ஒரு டீதான் கொண்டு வந்தாள்.

எத்தனை தடவை குத்தினாலும் ஒன்றுதான் எழுந்திருக்கும்படி புதுப் பெட்டியைச் செய்துவிட்டுப் போயிருந்தாள் யோகேஸ்வரி. அது வந்த பிறகு முதல் பெல்ட் தானாக ஓடவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஒரு சாயந்திரம், எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, சின்னத்தம்பி டேப்லெட்டுக்கு முன்னால் போய் நின்றார். பெல்ட் பக்கம் யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். தன் நம்பரைத் தட்டினார். பச்சையை அழுத்தினார். பிறகு இன்னும் மூன்று தடவை.

காலி பெல்ட் புறப்பட்டது. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருபது நிமிஷம் ஓடி நின்றது.

அவர் போகவில்லை. திரும்பிப் பார்த்தார். சீவுகிற மேசைக்குப் பக்கத்தில் அங்கம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய பஸ் போயிருக்கும். இரண்டு பேருக்கும் நடுவில் பெல்ட் அசையாமல் கிடந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இன்னொரு நிமிஷம். இனி ஓடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் யாரும் முதலில் நகரவில்லை.